“நான் போனால் டீம் தோற்கிறது”

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் 43 வயது வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் ஊர் ஃபுட்பால் டீம் மாவட்ட லீக்கில் ஆடுகிறது. இந்த சீசனில் இதுவரை 11 மேட்ச்: ஒரு வெற்றி, இரண்டு டிரா, எட்டுத் தோல்வி. ஐந்து புள்ளியோடு கடைசி இடம். மூன்று மேட்ச் பாக்கியிருக்கிறது. கடைசியாக முடிக்கும் இரண்டு டீம்கள் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். மனைவியின் இரண்டு பவுன் செயினை அடகுக் கடையில் வைத்து 60,000 ரூபாய் வாங்கி, டீமுக்கு ஜெர்சி, பூட்ஸ், ஜீப் வாடகை என்று செலவழித்திருக்கிறார். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி, 14 மாதம் ஆகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால், மழையில் நனைந்த பந்து கையிலிருந்து நழுவி கோலுக்குள் போனதற்காக, 17 வயது கோல்கீப்பர் பையனை எல்லார் எதிரிலும் கண்டபடி திட்டிவிட்டார். அதிலிருந்து பையன் பிராக்டிஸுக்கு வரவில்லை. ஞாயிறு இரவுகளில் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது பிரஷர் 152/96. வீட்டில் சிடுசிடுப்பு. டீம் தோற்ற அன்று ஆறாம் வகுப்பு படிக்கும் மகன் சீக்கிரமே போர்வைக்குள் போய்விடுகிறான். டீம் ஜெயித்த ஒரே மேட்சுக்கு இவர் போகவில்லை, கோவையில் கல்யாணம். “என் ராசிதான் சரியில்லையோ? மேட்ச் பார்ப்பதையே விட்டுவிடட்டுமா? மனைவி இதைப் பைத்தியம் என்கிறாள், அப்படித்தானா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இது பைத்தியம் இல்லை. ஒரு டீமோடு மனம் ஒட்டிக்கொள்வதை மனநல மருத்துவம் நோயாகக் கருதுவதில்லை. டேனியல் வான் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் கண்டதில் உங்களுக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: உள்ளூர் டீமோடு நெருக்கமாக இருப்பவர்களிடம் தனிமை உணர்வு குறைவாகவும், மனநிறைவு கூடுதலாகவும் காணப்படுகிறது. டிவியில் மட்டும் பார்க்கும் தூரத்து டீமிடம் இந்தப் பலன் அப்படிக் கிடைப்பதில்லை. டீம் ஜெயிப்பதால் வரும் பலன் இல்லை இது. கிரவுண்ட் ஓரத்தில் பக்கத்தில் நிற்பவர், டீக்கடையில் அதே மேட்சைப் பேசுகிறவர், ‘என்னண்ணே, போன வாரம் காணோம்’ என்று விசாரிக்கிறவர், இவர்களிடமிருந்துதான் அது வருகிறது.

அதனால் மேட்ச் பார்ப்பதை விடச் சொல்ல மாட்டேன். உங்கள் ஃபேக்டரி இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடுகிறது என்று கடிதத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வருமானம் ஆட்டம் கண்டிருக்கும் நேரத்தில் உங்களுக்கு ஆதரவாக இருக்கும் மனிதர்களையும் விட்டுவிட்டு வீட்டில் உட்காருவது நல்லதல்ல. ஆனால் டீம் உங்களுக்குத் தரும் நன்மை அந்த மனிதர்கள் வழியாக வருகிறது என்றால், இந்த மூன்று வாரத்தில் நீங்கள் உடைத்தது அதைத்தான். புள்ளிப் பட்டியலைச் சரிசெய்வது உங்கள் கையில் இல்லை. உடைந்ததைச் சரிசெய்வது உங்கள் கையில் இருக்கிறது. அதனால் பையனிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

பையன் வீட்டு வாசல்

அவன் திரும்ப ஆட வந்தால் ஜெயிக்கலாம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். அந்தக் கணக்கு உங்கள் முகத்தில் தெரிந்துவிடும், அவனும் கண்டுகொள்வான். மேட்சுக்கு முந்தின நாள் வேண்டாம். செவ்வாய், புதன் மாதிரி ஒரு வேலை நாளில், பையன் பள்ளியிலிருந்து வந்து சாப்பிட்ட பிறகு போங்கள். கேப்டனையோ ஊர்ப் பெரியவரையோ துணைக்கு அழைத்துப் போனால் அது பஞ்சாயத்து ஆகிவிடும், பையன் சம்மதித்தே தீர வேண்டிய நிலை வந்துவிடும். தனியாகப் போங்கள். அவனுடைய அம்மாவோ அப்பாவோ வீட்டில் இருக்கும் நேரமாகப் பாருங்கள்.

சொல்ல வேண்டியது நாலு வரிதான். “தம்பி, அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான் உன்னைப் பேசினது தப்பு. ஈரப் பந்து கையை விட்டுப் போறது யாருக்கும் நடக்கும். என் கோபத்தை உன் மேல கொட்டிட்டேன். மன்னிச்சிடு.” இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘ஆனா நீயும் கொஞ்சம் கவனமா...’ என்று ஒரு ‘ஆனா’ வந்தால் முன்னால் சொன்ன அத்தனையும் வீண். ‘எப்ப பிராக்டிஸுக்கு வர்றே’ என்று கேட்க வேண்டாம். புது கிளவுஸ் வாங்கிக்கொண்டு போகவும் வேண்டாம், அவமானத்துக்கு விலை பேசியது போல ஆகிவிடும்.

அடுத்தது கஷ்டமான பகுதி. திட்டியது பத்துப் பேர் முன்னால் என்றால், வருத்தம் தெரிவிப்பதும் அந்தப் பத்துப் பேர் காதில் விழ வேண்டும். அடுத்த பிராக்டிஸ் அன்று, பையன் வந்தாலும் வராவிட்டாலும், பசங்களைக் கூப்பிட்டு ‘அன்னிக்கு நான் பேசினது தப்பு, அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டேன்’ என்று சொல்லிவிடுங்கள். டீமில் மற்ற பையன்களும் நாளைக்கு நம்மையும் இவர் இப்படித்தான் பேசுவார் என்ற பயத்தில்தான் ஆடிக்கொண்டிருப்பார்கள். பயந்த கோல்கீப்பர் முன்னே வந்து பந்தை எடுக்கத் தயங்குவான், கோல் லைனிலேயே நிற்பான். திட்டினால் ஆட்டம் கூடும் என்று நீங்கள் நம்பியிருந்தால், நடப்பது இதற்கு நேர் எதிர்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். என்ன வார்த்தை சொன்னீர்கள் என்று கடிதத்தில் இல்லை. சாதியைத் தொட்டு ஏதாவது சொல்லியிருந்து, பையன் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவனாகவும் நீங்கள் அவ்வகுப்புகளைச் சேராதவராகவும் இருந்தால், பொது இடத்தில் அப்படி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மன்னிப்புக் கேட்பது அந்தக் குடும்பத்தின் புகார் உரிமையை அழிக்காது. புகார் கொடுக்காமல் இருப்பதற்காக மன்னிப்புக் கேட்கிறேன் என்ற சாயல்கூட உங்கள் பேச்சில் வந்துவிடக் கூடாது.

ராசி என்ற கணக்கு

11 மேட்சில் ஒரே வெற்றி. நீங்கள் போகாதது ஒரே மேட்ச். அந்த இரண்டும் தற்செயலாக ஒரே நாளில் விழுவதற்கு 11இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. சீட்டுக் குலுக்கிப் போட்டால் யாருக்கோ விழும் சீட்டு உங்களுக்கு விழுந்தது, அவ்வளவே. அன்றைக்கு மேட்சுக்கு வராத இன்னும் எத்தனை பேர் ஊரில் இருக்கிறார்கள்? அவர்கள் எல்லாரும் ராசியில்லாதவர்களா?

அதைவிட முக்கியமான எண் ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எல்லா ஸ்கோரையும் எழுதியிருக்கிறீர்கள். எட்டுத் தோல்வியில் ஐந்து, ஒரே கோல் வித்தியாசத்தில் போனவை. ஃபுட்பாலில் கோல்கள் குறைவு. அதனால் ஒரு சறுக்கல், தப்பாகக் கொடுத்த ஒரு கார்னர், போஸ்ட்டில் பட்டுத் திரும்பும் ஒரு பந்து முழு மேட்சையும் திருப்பிவிடும். ரெஃப்ரி காசு வாங்கிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மேட்சை ஐந்து வெவ்வேறு ரெஃப்ரிகள் நடத்தியதாகவும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். ஆதாரம் இல்லாமல் அதை வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம். கிளப் மீது லீக் நடவடிக்கை எடுக்கலாம், உங்கள் மீது அவதூறு வழக்கும் வரலாம். ஒரு முடிவில் நிஜமாகவே ஆட்சேபம் இருந்தால், லீக் விதியில் சொன்ன கெடுவுக்குள் கேப்டனோ மேனேஜரோ எழுத்தில் கொடுப்பதுதான் வழி.

செயினும் பந்தயமும்

மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். 60,000 ரூபாய்க்கு மாதம் 1,200, இந்த 14 மாதத்தில் 16,800. வட்டி கட்டி வருகிறீர்களா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டாமல் இருந்தால், இந்த வாரமே ரசீதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், மொத்தம் எவ்வளவு, கெடு எப்போது என்று எழுதி வாங்குங்கள். கெடு தாண்டினால் செயின் ஏலத்துக்குப் போகலாம். பாங்கிலோ கூட்டுறவு சங்கத்திலோ நகைக் கடன் வட்டி பெரும்பாலும் இதில் பாதிக்கும் கீழேதான் இருக்கும். அங்கே மாற்றி வைக்க முடியுமா என்று விசாரியுங்கள். இடையில் இரண்டு நாளைக்குப் பணம் புரட்ட வேண்டியிருக்கும். அதை யாரிடம் கேட்பது என்பதை மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், செயின் அவருடையது.

‘இவ்வளவு செலவழித்தேன், கேட்க எனக்கு உரிமை இருக்கிறது’ என்கிறீர்கள். மனசு அப்படிச் சொல்வது புரிகிறது. சட்டம் அப்படிச் சொல்லாது. திருப்பித் தர வேண்டும் என்று பேசாமல் கொடுத்த பணம் பெரும்பாலும் நன்கொடையாகத்தான் பார்க்கப்படும். கிளப் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானதாக இருந்தால், உறுப்பினராகச் சேர்ந்து சந்தா கட்டுங்கள். அப்போது ஆண்டுப் பொதுக்குழுவில் கணக்குக் கேட்கவும் ஓட்டுப் போடவும் இடம் கிடைக்கும். பதிவாகாத டீம் என்றால், வரவு செலவுக்கு ஒரு நோட்டுப் போட வைப்பதே பெரிய வேலைதான். இங்கிலாந்தில் 2002இல் விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸ் நகரத்துக்கு மாற்ற அனுமதி கொடுத்தபோது, ரசிகர்கள் தாங்களே ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற கிளப்பைத் தொடங்கினார்கள். பொதுத்திடலில் தேர்வு வைத்து ஆட்டக்காரர்களை எடுத்து, அந்நாட்டு லீக் அமைப்பின் ஒன்பதாம் படியில் ஆரம்பித்து, 2011இல் நான்காம் படிக்கு ஏறினார்கள். அங்கே ரசிகர் அமைப்பில் ஓர் உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. அதிகப் பணம் போட்டவர் அதிகம் சத்தம் போடலாம் என்ற ஏற்பாடு இல்லை. கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் டீமே செத்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் இதைச் சொன்னேன்.

இன்னொன்று. போன மாதம் உங்கள் டீம் தோற்கும் என்று 1,000 ரூபாய் பந்தயம் கட்டி ஜெயித்ததாகவும், ‘அந்தக் காசைத் தொடவே அருவருப்பாக இருந்தது’ என்றும் ஒரு மூலையில் எழுதியிருக்கிறீர்கள். தோற்றால் பணமாவது கிடைக்கட்டும் என்று மனம் ஆறுதல் தேடுவது பலருக்கும் வருவதுதான். ஆனால் அதற்குப் பிறகு டீமின் ஒவ்வொரு தோல்வியிலும் உங்களுக்கு ஒரு லாபம் ஒட்டிக்கொள்ளும். கோல்கீப்பரைத் திட்டியவரே டீமுக்கு எதிராகப் பணம் கட்டினார் என்று வெளியே தெரிந்தால், ஊரில் தலை நிமிர முடியாது. பணம் வைத்துப் பந்தயம் கட்டுவது சூதாட்டச் சட்டத்தில் சிக்க வைக்கும். ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை 2025ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. டீமில் நீங்கள் ஏதாவது பொறுப்பு எடுக்கப்போகிறீர்கள் என்றால், ஃபுட்பால் மீது பந்தயமே கூடாது என்பது ஃபிஃபாவின் நெறிமுறை விதி. இத்தோடு விட்டுவிடுங்கள்.

உடம்பு

152/96 என்ற அளவை ‘டென்ஷன்’ என்று ஒதுக்க வேண்டாம். 2006 உலகக் கோப்பையின்போது மியூனிக் பகுதியில் எடுத்த கணக்கில், ஜெர்மனி ஆடிய நாட்களில் மாரடைப்பு உள்ளிட்ட அவசர இதயப் பாதிப்புகள் மற்ற நாட்களைப் போல 2.66 மடங்கு இருந்தன. ஆண்களுக்கு மட்டும் பார்த்தால் மூன்று மடங்குக்கும் மேல். முன்பே இதய நோய் இருந்தவர்களுக்கு இன்னும் மோசம்.

பொதுவாக ஒரே ஒரு அளவை வைத்து மருந்து ஆரம்பிக்க மாட்டார்கள். ஏழு நாள் வீட்டில் பாருங்கள். காலையும் மாலையும், ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. அதற்கு முந்தைய அரை மணி நேரம் டீ, பீடி, சிகரெட் கூடாது. ஐந்து நிமிடம் முதுகு சாய்த்துப் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் வைத்து எடுக்க வேண்டும். ஸ்வெட்டர் கைக்கு மேலே பட்டையைச் சுற்றினால் அளவு தப்பாகும். மலையில் பலரும் செய்யும் தவறு இது. முதல் நாள் அளவை விட்டுவிட்டு மீதியின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரிடம் போங்கள். படபடப்பு இருப்பதால் ஈசிஜி ஒன்று எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நெஞ்சை அழுத்திப் பிடிப்பது போல வலி, வியர்வை, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி வந்தால், மேட்ச் எந்த நிமிடத்தில் இருந்தாலும் 108ஐ அழையுங்கள்.

தூக்கத்துக்கு ஒரு காரணம் உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. மேட்ச் முடிந்து ஐந்தரை மணிக்குக் குடிக்கும் கடுந்தேநீரின் கஃபீனில் ஏறக்குறைய பாதி, இரவு பத்தரைக்கும் ரத்தத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் டீ வேண்டாம். படுக்கையில் மேட்சை ஓட்டிப் பார்ப்பதற்குப் பதில், எட்டு மணிக்கு முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து நோட்டில் எழுதி மூடிவிடுங்கள். இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் படுக்கையை விட்டு எழுந்து வேறு அறையில் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்புங்கள். தோற்ற மேட்ச் பற்றி திங்கள் மாலை வரை யாருக்கும் போன் இல்லை, வாய்ஸ் மெசேஜ் இல்லை.

வீட்டைப் பற்றி. 2011இல் கார்டு, டால் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ (பந்தைக் கையில் எடுத்து ஓடும் ஆட்டம்) லீக்கின் முடிவுகளையும் போலீஸ் பதிவுகளையும் ஒப்பிட்டார்கள். ஜெயிக்கும் என்று எதிர்பார்த்த உள்ளூர் டீம் தோற்ற நாட்களில், ஆண்கள் மனைவி மீதோ துணை மீதோ செய்த வன்முறை சுமார் 10 சதவீதம் கூடியிருந்தது. நீங்கள் கை நீட்டியதாக எழுதவில்லை, நம்புகிறேன். ஆனால் போர்வைக்குள் போகும் பிள்ளை ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டுதான் போகிறான். தோற்ற அன்று ஜீப்பில் வீட்டு வாசல் வரை வராமல், கடைசி ஒரு கிலோமீட்டருக்கு முன்னால் இறங்கி நடந்து வாருங்கள். உள்ளே நுழைந்ததும் ‘தோத்துட்டோம், எனக்கு மனசு சரியில்ல, அரை மணி நேரம் விடுங்க’ என்று வாயால் சொல்லிவிடுங்கள். அப்பா பேசாமல் இருப்பதற்குக் காரணம் தான் இல்லை என்பதை அவன் காதால் கேட்க வேண்டும்.

இரண்டு வாரம் தொடர்ந்து மனம் கனத்துக் கிடந்தால், கை நீட்டும் அளவுக்குக் கோபம் வந்தால், வாழ்ந்து என்ன என்ற நினைப்பு ஒரு முறை வந்தால்கூட, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி சேவையின் 14416 எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். நேரில் பார்க்க ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.

கைக்கு ஒரு வேலை

90 நிமிடம் கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்பவருக்குத்தான் வாய் நீளும். ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் அதிகம் வேண்டியதில்லை.

பந்தைப் பாருங்கள். விதிப்படி காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 ‘அட்மாஸ்பியர்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரைக்குள் இருக்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் காற்றடித்துக் கொண்டுவரும் பந்து கோத்தகிரி ஏறியதும், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், இன்னும் இறுகும். ஒரு கேஜும் கைப்பம்ப்பும் வைத்துக்கொண்டு கிரவுண்டிலேயே சரிபார்க்கும் ஆள் உங்கள் டீமில் இருக்கிறாரா? கோல்கீப்பர் கிளவுஸின் உள்ளங்கை லேடெக்ஸ் ரப்பர். மேட்சுக்கு முன்னால் லேசாக நனைத்தால்தான் பிடிப்பு வரும், காய்ந்து கிடந்தால் பந்து வழுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். குளிருக்கு அடுப்போரம் வைத்தால் ரப்பர் வெடித்துப்போகும். அன்றைக்கு நழுவிய பந்துக்கு இதுகூடக் காரணமாக இருந்திருக்கலாம்.

ஸ்கோர்களை இவ்வளவு துல்லியமாக எழுதத் தெரிந்தவர், நோட்டில் எந்த நிமிடத்தில் கோல் வாங்கினோம், கார்னரிலா, ஓடும் ஆட்டத்திலா என்று குறித்து, செவ்வாய்க்கிழமை கேப்டனிடம் கொடுக்கலாம். ஆலோசனை சேர்க்காமல் குறிப்பை மட்டும். பாக்கியுள்ள மூன்றையும் ஜெயித்தால் 14 புள்ளி. அது போதுமா என்பது மற்ற டீம்கள் ஆடுவதைப் பொறுத்தது, அந்தக் கணக்கை இப்போது போட வேண்டாம்.

மூன்று மேட்சுக்கும் போங்கள். பையனைப் பார்த்து வருவதற்கு முன்னால் மட்டும் போகாதீர்கள். முதல் மேட்சுக்கு மகனை அழைத்துப் போக வேண்டாம். நீங்கள் திரும்பி வந்த விதத்தைப் பார்த்துவிட்டு அவனே ‘நானும் வரட்டுமா’ என்று கேட்டால், இரண்டாவதுக்குக் கூட்டிப் போங்கள். பந்தில் காற்றுப் பார்க்கும் கேஜை அவன் கையில் கொடுங்கள்.